விடுதலை வேறு, விடுவிப்பு வேறு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில வாரங்களுக்கு முன்பு தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர், கொள்ளை வழக்கில் பிடிபட்ட இளைஞன் ஒருவனை நீதிமன்றம் ‘விடுதலை’ செய்துவிட்டதாகப் படித்து மனம் கொதித்து, பணம் இருப்பவனுக்கு ஒரு நீதி, இல்லாதவனுக்கு ஒரு நீதி என்று எழுதியிருந்தார். அவருடைய கோபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கோபம் கொள்ளக் காரணமான அதே வழக்கு மலாய் நாளேட்டில் வந்ததையும் நான் படித்தேன். மலாயில் இருந்தது ஒன்று, தமிழில் தலைப்பாக வந்தது இன்னொன்று. பினாங்கிலும் அதைச் சுற்றியும் உள்ள கீழ் நீதிமன்றங்களில் 29 ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு சொல்லைப் பற்றியும், அதைத் தொட்டு நீதிமன்றம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

நம் மலேசியாவில் குற்றவியல் வழக்கு ஒன்று தண்டனையில்லாமல் முடியும்போது நீதிமன்றத்தில் ஒலிக்கும் வாசகங்கள் இரண்டு. ஒன்று ‘டிலெபாஸ் டான் டிபெபாஸ்கான்’. குற்றஞ்சாட்டப்பட்டவர் வழக்கு முற்றாகத் தீர்ந்து, அதே குற்றத்திற்காக அவரை மீண்டும் விசாரிக்க முடியாது என்ற பாதுகாப்போடு வெளியே போகிறார். அந்தப் பாதுகாப்பு கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவிலேயே இருக்கிறது. மற்றொன்று ‘டிலெபாஸ் தன்பா டிபெபாஸ்கான்’. சாட்சி கிடைக்கவில்லை, ஆய்வறிக்கை வந்து சேரவில்லை, அல்லது வேறு ஏதோ காரணத்தால் அரசுத் தரப்பு இப்போதைக்கு வழக்கைத் தொடரவில்லை என்று சொல்லும்போது, நீதிமன்றம் அவரை அந்தக் குற்றச்சாட்டின் பிடியிலிருந்து அவிழ்த்துவிடுகிறது. ஆனால் அதே குற்றச்சாட்டை அரசுத் தரப்பு பிறகு மீண்டும் கொண்டுவரலாம். மலாய் மொழி ‘லெபாஸ்’, ‘பெபாஸ்’ என்று இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. தமிழிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. முன்னதை விடுதலை என்றும், பின்னதை விடுதலையாகாத விடுவிப்பு என்றும் எழுதலாம். நம் பத்திரிகைகளோ இரண்டுக்கும் ‘விடுதலை’ என்றே தலைப்பிடுகின்றன. தங்கள் வாசகர் குறிப்பிட்ட வழக்கு இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஒரு சொல்தானே என்று தோன்றலாம். இப்படி விடுவிக்கப்பட்ட ஓர் இளைஞரின் தாயாரிடம், வழக்கு முடிந்துவிடவில்லை, முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று நான் நீதிமன்ற வாசலிலேயே சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மையாரோ, பத்திரிகையில் ‘விடுதலை’ என்று வந்திருப்பதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, வேண்டுதலை நிறைவேற்றி அன்னதானமும் போட்டார். பையன் வேலை தேடி ஜொகூருக்குப் போனான். மீண்டும் வழக்கு எழுந்தபோது சம்மன் பழைய வீட்டுக்குப் போனது. வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கடைசியில் கைது வாரண்ட் பிறந்தது. வேலையிடத்தில் எல்லார் முன்னிலையிலும் அவனைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, “விடுதலைன்னு பேப்பர்லயே போட்டிருந்தாங்களே சார்” என்று அந்தத் தாயார் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நீதிமன்றத்தைப் பற்றி நம்மிடையே இருக்கும் பெரிய தவறான எண்ணம், நீதிபதி உண்மையைத் தேடிக் கண்டுபிடிப்பார் என்பது. “அவருக்குத் தெரியாதா?” என்று எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள்! அவருக்குத் தெரியாது என்பதே சரியான பதில். தெரிந்திருந்தால் அவர் அந்த வழக்கை விசாரிக்கவே கூடாது. சம்பவம் நடந்த இடத்தில் அவர் இல்லை. காவல் நிலையக் கோப்பை அவர் முன்கூட்டிப் படிப்பதில்லை. இரு தரப்பும் அவர் முன்னே கொண்டுவந்து வைக்கும் சாட்சியத்தையும் சான்றுப்பொருளையும் வைத்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டும். குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பினுடையது. அவர்கள் சாட்சிகளை நிறுத்தி முடித்ததும், எதிர்வாதம் இல்லாவிட்டால் தண்டிக்கப் போதுமான அளவுக்கு வழக்கு நிலைத்து நிற்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். நிற்கவில்லை என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர் வாய் திறக்காமலே விடுதலையாவார். நின்றால்தான் எதிர்வாதம் செய்ய அழைக்கப்படுவார். அப்போதும் நியாயமான ஐயம் ஒன்று மீதமிருந்தால் அதன் பலன் அவருக்கே. ஆகவே ஒருவர் விடுதலையானார் என்பதற்கு, அவர் செய்யவில்லை என்று நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்தது என்று எப்போதும் பொருளில்லை. செய்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

நம் சாட்சிகள் கூண்டில் ஏறியதும் சொல்லும் வாக்கியங்களில் நான் அதிகமாக மொழிபெயர்த்தது “அது ஊருக்கே தெரியுங்க” என்பதுதான். ஊருக்குத் தெரிந்தது சாட்சியமாகாது. கண்ணால் பார்த்தவர் வந்து, பார்த்ததைச் சொல்லி, குறுக்கு விசாரணையையும் தாங்க வேண்டும். கண்ணகியின் கதையை நாம் கற்பின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். நீதிமன்றத்தில் வேலை பார்த்தவனுக்கு அது வேறு விதமாகப் படுகிறது. கோவலனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தண்டனையை நிறைவேற்றியது பாண்டியன் அவை செய்த பிழை. கண்ணகி அங்கே ஊரைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. சான்றுப்பொருளான சிலம்பை எல்லார் முன்னிலையிலும் உடைத்து, உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்று காட்டினாள்.

(திரைப்படங்களைப் பார்த்து வருபவர்களுக்கு இடையில் ஒரு சொல். இங்கே நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டி “ஆர்டர், ஆர்டர்” என்று சொல்வதில்லை. கீதையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்வதுமில்லை. இந்துக்கள் உண்மையே பேசுவதாக உறுதிமொழி கூறினால் போதும். ஜூரிகளும் இல்லை, அந்த முறை 1995 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது.)

மொழிபெயர்ப்பாளன் வேலை என்றால் மலாய்க்குத் தமிழ், தமிழுக்கு மலாய் என்று எடுத்து வைப்பதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். நடவடிக்கைகள் தேசிய மொழியில் நடக்கின்றன. அந்த மொழி புரியாத ஒருவருக்கு எதிராகச் சொல்லப்படும் சாட்சியம் அவருக்குப் புரியும் மொழியில் திறந்த மன்றத்திலேயே விளக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஆனால் தமிழர் பேச்சு நீதிமன்றத்திற்காக உருவானதில்லை. ஒரு பெண்மணி, “மாமா வந்தாரு, மாமாதான் மாமாவைத் தடுத்தாரு” என்று சாட்சி சொன்னார். முதல் மாமா தாய்மாமன். இரண்டாவது மாமாவும் அவரே. மூன்றாவது மாமா அந்தப் பெண்மணியின் கணவர். மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது. நான் அனுமதி கேட்டு ஒவ்வொரு மாமாவையும் பெயர் சொல்லிப் பிரித்த பிறகுதான் யார் யாரை அடித்தார் என்பதே விளங்கியது. அதேபோல் “அப்பா போன பிறகு” என்றால் இறந்த பிறகா, வீட்டைவிட்டு வெளியே போன பிறகா? தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம் என்று நமக்குத் தெரியும். பிறர் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒலிப்பதிவுக் கருவிக்கோ அது எதுவுமே இல்லை. “வாயால் சொல்லுங்கள் ஐயா” என்று நான் கெஞ்சாத நாள் குறைவு.

இவற்றிலெல்லாம் கனமானது, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கும் கணம். குற்றச்சாட்டை நான் தமிழில் வாசித்து முடித்ததும், வயதான நம்மவர் பலர் கைகூப்பி, “தப்புதாங்க ஐயா, மன்னிச்சிடுங்க” என்பார்கள். அது ஒப்புதலா? பெரியவர் முன்னால் நின்றதும் தமிழன் வாயில் தானாக வரும் பணிவு அது. சண்டைக்குப் போனதே தப்பு என்று அவர் மனம் வருந்தலாம். கத்தியை எடுத்தது அவராக இல்லாமலும் இருக்கலாம். இன்னும் சிலர், “ஆமாங்க, அடிச்சேன், ஆனா அவன்தான் மொதல்ல கட்டையைத் தூக்கினான்” என்பார்கள். சட்டப்படி ஒப்புதல் என்பது நிபந்தனையில்லாமல் இருக்க வேண்டும். அதன் தன்மையும் விளைவும் தமக்குப் புரிகிறது என்று அவர் சொல்ல வேண்டும். பிறகு அரசுத் தரப்பு வழக்கின் விவரங்களை வாசிக்கும்போது அவற்றையும் ஏற்க வேண்டும். ‘ஆனா’ என்ற சொல் வந்துவிட்டால் அது ஒப்புதல் ஆகாது. மறுத்ததாகவே பதிவு செய்து விசாரணைக்குத் தேதி குறிக்க வேண்டும். அந்த ‘ஆனா’வை விழுங்காமல் மொழிபெயர்ப்பது என் கடமை. காலை வேளையில் நாற்பது கோப்புகள் அடுக்கியிருக்க, எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அதை விழுங்கிவிடும் சோதனை எவ்வளவு பெரியது என்பதை அந்த இடத்தில் நின்றவன்தான் அறிவான். நான் ஒருமுறைகூட விழுங்கவில்லை என்று மார்தட்ட மாட்டேன்.

தடுப்புக் காவலுக்கும் (ரிமாண்ட்) நம்மிடம் சரியான சொல் புழக்கத்தில் இல்லை. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். அவர் அனுமதியின்றி அதற்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால் முதலில் 4 நாட்கள் வரையிலும், பிறகு 3 நாட்கள் வரையிலும் அனுமதி கிடைக்கலாம். 14 ஆண்டோ அதற்கு மேற்பட்டதோ என்றால் 7 நாட்கள், பிறகு 7 நாட்கள். இது புலனாய்வுக்கான காவல், தண்டனை இல்லை. வீட்டார் அதை ‘உள்ள போட்டுட்டாங்க’ என்று சொல்லி அழுது, மாற்றுத் துணியோடு வாசலில் நிற்பதோடு நின்றுவிடுகிறார்கள். கைதானவருக்குக் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும், அவர் தம் விருப்பப்படி வழக்கறிஞரைக் கலந்து பேசலாம் என்று அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்கிறது. அதிலும் வழக்கறிஞருக்குக் கொடுக்க வழியில்லாத குடிமக்களுக்காகத் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் இந்தத் தடுப்புக் காவல் விசாரணையிலேயே பேச வருகிறார்கள். உடம்பில் காயமிருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். ஜாமீனைப் பற்றியும் இப்படியே ஒரு மயக்கம்: அதை அபராதம் என்று நினைத்து, கட்டியாகிவிட்டது, கதை முடிந்தது என்று அடுத்த தேதிக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். தவறாமல் வந்தால் வழக்கு முடிந்ததும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். வராவிட்டால் ஜாமீன் நின்ற மைத்துனரோ மாமனாரோ அதை இழக்க நேரும்.

உரிமையியல் வழக்குகளில் நம்மவரைக் கெடுப்பது சாமி மேடை. நான் கேலியாகச் சொல்லவில்லை. நீதிமன்றத்திலிருந்து வரும் தாளைப் பிரித்துப் பார்க்கப் பயந்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும் வீடுகளை எனக்குத் தெரியும். வழக்கு மனு கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் ஆஜராவதாகத் தெரிவிக்காவிட்டால், வழக்குப் போட்டவர் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வாங்கிவிடலாம். கடனை ஏற்கனவே கட்டி முடித்த ரசீது அலமாரியில் கிடந்தாலும் சரி, அதை யாரும் காட்டாதவரை நீதிபதிக்கு அது இல்லாத ஒன்று. அந்தத் தீர்ப்பை நீக்கக் கோரலாம், அதற்கும் உத்தரவு கிடைத்ததிலிருந்து 30 நாள் கெடு உண்டு. தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான பெய்லிஃப் வந்து வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்கும் நாளில்தான் நம் குடும்பங்கள் சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டுத் தேடுகின்றன.

கெடு என்று சொல்லும்போது, வேலையிலிருந்து அநியாயமாக நீக்கப்பட்டவர்களையும் சொல்ல வேண்டும். தொழிலியல் உறவுச் சட்டத்தின்படி 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். 61ஆவது நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு சாத்தியிருக்கும். குற்றவியல் வழக்கில் மாஜிஸ்திரேட்டின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 14 நாட்கள். மேல்முறையீடு என்றதும் மறுபடி முதலிலிருந்து கதை சொல்லலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உயர் நீதிமன்றமும், மேல்முறையீட்டு நீதிமன்றமும், கூட்டரசு நீதிமன்றமும் பொதுவாகக் கீழே பதிவானதை வைத்துக்கொண்டுதான் தீர்ப்பு சரியா என்று பார்க்கின்றன. 1985க்கு முன்பு சில வழக்குகள் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போயின. அங்கேயும் போனது சாட்சி இல்லை, காகிதம்தான். எனவே ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஒரு பாட்டி கூண்டில் நின்று தமிழில் சொன்னதும், அது அன்று எப்படிப் பெயர்க்கப்பட்டதோ அப்படியேதான் கடைசி வரை பயணம் செய்யும்.

ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழர் குடும்பம் ஒன்றின் வழக்கே சாட்சி. கணவர் தம் சம்மதமின்றிப் பிள்ளைகளை இஸ்லாத்துக்கு மதம் மாற்றியதை எதிர்த்த மலேசியத் தாய் இந்திரா காந்தி அவர்களின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 ஜனவரி 29ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, அவர்கள் முன்னே நின்ற கேள்விகளில் ஒன்று, அரசியலமைப்பின் 12ஆவது பிரிவில் 18 வயதுக்குட்பட்டவரின் மதத்தை முடிவு செய்பவராக ஆங்கில வாசகத்தில் ஒருமையில் இருக்கும் ‘பேரண்ட்’ என்ற சொல் ஒருவரைக் குறிக்கிறதா, இருவரையுமா என்பது. மலாய் மொழிபெயர்ப்போ ‘இபு அத்தாவ் பாபா’, அதாவது தாய் அல்லது தந்தை என்று சொல்கிறது. நீதிமன்றம் ஆங்கில வாசகத்தை அடிப்படையாகக் கொண்டு, ஒருமை பன்மையையும் குறிக்கும் என்ற விதியோடு சேர்த்துப் படித்து, இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று முடிவு செய்தது. ‘அல்லது’ என்ற சிறு சொல்லின் நிறையைப் பாருங்கள். தீர்ப்பு கையில் கிடைத்த பிறகும் அந்தத் தாய், தந்தை கொண்டுபோய்விட்ட தம் கடைசி மகளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை. தீர்ப்பு எழுதுவது நீதிமன்றம். அதை நிறைவேற்றித் தருபவர்கள் வேறு. இந்த இடைவெளியையும் நாம் நீதிமன்றத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

பினாங்கில் இருப்பவனுக்கு இதில் சொந்த அக்கறை கொஞ்சம் கூடுதல். 1807ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி இத்தீவுக்கு ஒரு நீதிமன்றம் கிடைத்து, அது மறு ஆண்டு கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்கியது. அதற்கு முன்பு சிறு வழக்குகளை அந்தந்தச் சமூகத்தின் தலைவர்களான கப்பித்தான்களே தீர்த்து வைத்தார்கள். பள்ளிவாசலால் இன்றும் பெயர் விளங்கும், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவரான கப்பித்தான் கிளிங் காதர் முகைதீன் தம் மக்களின் வழக்கை அவர்கள் பேசும் மொழியிலேயே கேட்டிருப்பார். ஆங்கிலத்தில் நடக்கும் நீதிமன்றம் வந்ததும், நடுவில் நின்று சொல் கடத்த ஓர் ஆள் தேவைப்பட்டான். என் தொழிலின் மூதாதை அவன்தான்.

லைட் ஸ்திரீட்டில் உள்ள உயர் நீதிமன்ற வளாகத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்பவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1869இல் மறைந்த அவர் வழக்கறிஞர். கூடவே பத்திரிகை ஆசிரியர். நீதிமன்றத்து நிழலில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு இடம் கொடுத்திருக்கிறார்களே என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். தங்களிடம் உரிமையோடு கேட்பதற்கு அது எனக்கு ஒரு சாக்கு.

என் வேண்டுகோள் பெரிதொன்றுமில்லை. நீதிமன்றச் செய்தி எழுதும்போது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: தடுப்புக் காவலா, குற்றச்சாட்டா, எதிர்வாதத்திற்கான அழைப்பா, தண்டனையா. குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தீர்ப்புக்கு முன்பே ‘குற்றவாளி’ என்று எழுதாதீர்கள். விடுதலையையும் விடுதலையாகாத விடுவிப்பையும் ஒரே தலைப்பில் போடாதீர்கள். முடிந்தால் மாதத்தில் ஒரு காலையாவது தங்கள் நிருபர் ஒருவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பொதுமக்கள் பகுதியில் உட்கார வையுங்கள். சிறார் வழக்கு போன்றவை தவிர நீதிமன்றம் திறந்த மன்றம், கைப்பேசியை அடக்கிவிட்டு ஒழுங்கான உடையில் யாரும் போய் உட்காரலாம்.

பணியில் இருந்தபோது, நீதிமன்றத்தில் வழங்கும் மலாய்ச் சொற்களுக்கு நம் மக்களுக்குப் புரிந்த தமிழ்ச் சொற்களை ஒரு பள்ளி நோட்டில் எழுதி வந்தேன். சிலவற்றுக்கு இன்னும் எதிரே வெற்றிடம்தான். ‘டிலெபாஸ் தன்பா டிபெபாஸ்கான்’ என்பதற்கு மட்டும் ஐந்து முறை அடித்து எழுதியிருக்கிறேன். மேலே சொன்னது கடைசியாக எழுதியது, அதைவிட நல்லதொன்று தங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தோன்றினால் மகிழ்வேன். நிருபர் யாரேனும் வந்து கேட்டால் நோட்டைக் கொடுத்துவிடுகிறேன். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.